உரிமைக்காரர் உண்டா

உங்கள் மேசை ஆடுகிறது ஐயா. நீங்கள் எழுத எழுத வலது பக்கத்துக் கால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். என் அலுவலக மேசையும் நான் போன புதிதில் இப்படித்தான் இருந்தது. அங்கே நான் செய்த முதல் வேலையே அதைச் சரிசெய்ததுதான். ஆடுகிற மேசையில் எழுதினால் ஒன்று ஏழு மாதிரித் தெரியும். சுரங்க உரிமைப் பதிவில் ஒன்று ஏழானால் வெளியே இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.

நீங்கள் முகத்தைச் சுளிக்காமல் கேட்கிறீர்கள், அதற்கு நன்றி. உங்களுக்கு முன்னால் வந்தவர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அப்படிக் கேட்டால் யாராலும் கோவையாகச் சொல்ல முடியாது. நான் முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பதிவாளர் பொய் சொன்னால் அப்புறம் எதை வைத்து எதை நம்புவது?

விதிகள் வருவதற்கு முன்னால் அந்த மேட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தரைக்கு அடியில் நீலமும் பச்சையுமாகக் கல் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, கையில் மண்வெட்டி வைத்திருந்தவன் எல்லாம் வந்து இறங்கிவிட்டான். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் குழி. ஒருவன் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால் அவன் குழிக்குள் இன்னொருவன் நிற்பான். "இது என் குழி" என்பான் இவன். "உன் பேரு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்பான் அவன். அதற்கப்புறம் ஒருவன் தலையில் கட்டோடு நடந்து போவான், இன்னொருவனை நாலு பேர் தூக்கிப் போவார்கள்.

அரசாங்கம் ஒரு விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து என்னை அங்கே அனுப்பியது. ஆளுக்கு ஒரு குழி. நான்கு மூலையிலும் எல்லைக் கம்பு. கம்பை நட்டவன் நேராக அலுவலகத்துக்கு வந்து பெயரைப் பதிய வேண்டும், முதலில் வந்தவனுக்கே உரிமை. உரிமை வாங்கியவன் குழியைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது, தொடர்ந்து தோண்ட வேண்டும். விட்டால் உரிமை போய்விடும், இன்னொருவன் வந்து பதிந்துகொள்ளலாம். கேட்கும்போது சாதாரணமாக இருக்கிறது இல்லையா? ஆனால் நான் போன பிறகு அங்கே மண்டை உடைவது நின்றது. முரட்டுப் பயல்கள் வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் அலுவலகப் பேச்சில் குழிக்கு உயிர் உண்டு. வேலை நடந்தால் உயிர்க்குழி, நின்றுபோனால் செத்த குழி. அதைக் கயிற்றை வைத்துக் கண்டுபிடிப்போம். அந்த மேட்டில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் கசியும். ஆள் இறங்குவதும் வாளி ஏறுவதும் ராட்டினக் கயிற்றில்தான், அதனால் வேலை நடக்கிற குழியில் கயிற்று நுனி ஈரமாகவே இருக்கும். நான் குழி குழியாகப் போய் நுனியைக் கையில் பிடித்துப் பிழிந்து பார்ப்பேன். தொடர்ந்து மூன்று பார்வையில் காய்ந்திருந்தால் செத்தது என்று பதிந்து, வாயை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் போகிற வருகிறவர்கள் தவறி விழுவார்கள்.

ஒரு தடவை அப்படி மூடும்போது உள்ளே ஒருவன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பலகை விழுந்த சத்தத்தில் விழித்துக் கத்தினதால் பிழைத்தான். அன்றைக்கே மேலிடத்துக்கு நானே எழுதினேன். மூடுவதற்கு முன் பதிவாளர் குழியின் வாயில் நின்று 'உரிமைக்காரர் உண்டா' என்று மூன்று முறை உரக்கக் கேட்க வேண்டும், மற்றவர்கள் சத்தம் போடாமல் தள்ளி நிற்க வேண்டும், உண்டு என்று பதில் வந்தால் மூடக் கூடாது. எழுதியதை எழுதியபடியே விதியாக்கிவிட்டார்கள். மனுஷ உயிர் எனக்குத் துச்சம் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாமே. அந்த விதி யார் போட்டது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் ஒரே தங்கையின் கணவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் தங்கையைக் கொடுத்த இடம், வாங்க போங்க என்றுதான் பேசுவேன். மச்சான் அதிகாரியாக இருக்கிற இடம் என்று தெரிந்துதான் அவரும் மண்வெட்டியோடு அந்த மேட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், தங்கையைக் கைநீட்டி அடித்ததில்லை. வாய் மட்டும்தான். அவர் இருக்கிற இடத்தில் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அலுவலகத்துக்கு வந்தால் வரிசையைப் பார்க்கவே மாட்டார். நேராக முன்னால் வந்து, தடுப்புப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என்ன மச்சான், அரசாங்கம் நல்லா நடக்குதா?" என்பார். வரிசை மொத்தமும் சிரிக்கும். என் குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். நான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "வீட்டுல எப்படி வேணா கூப்பிடுங்க மாப்பிள்ளை. ஆபீஸ்ல மட்டும் பதிவாளர்னு சொல்லுங்க."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்றார். மறுநாள் வாசலில் நின்றே, "பதிவாளர் மச்சான்" என்று கத்தினார்.

இதற்காக நான் கோபப்படவில்லை. சொந்தம் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 'காஞ்ச கயிறு' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். ஒரு வாரத்துக்குள் மேடு முழுக்கப் பரவிவிட்டது. நான் நடந்து போனால் குழிக்குள்ளிருந்து யாராவது "காஞ்ச கயிறு வருது டோய்" என்பார்கள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பின்னால் யாரிடமாவது கேள்விப்பட்டு, அதனால்தான் என்று தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த வருஷம் மேற்கே ஒரு ஆற்றங்கரையில் புதிதாகக் கல் கிடைக்கிறது என்று பேச்சு வந்து, நிறையப் பேர் கிளம்பிப் போனார்கள். மாப்பிள்ளைக்கு மேலே நின்று கயிறு இழுத்துக்கொடுத்த கூட்டாளியும் போய்விட்டான். வேறு ஆள் தேடுவதற்குப் பதிலாக இவர் குழியின் சுவரில் கால் வைக்கும் அளவுக்குச் சின்னச் சின்னப் பள்ளமாக வெட்டி, கையாலும் காலாலும் பிடித்து இறங்க ஆரம்பித்தார். கிடைக்கிற மண்ணை முதுகில் கட்டிய சாக்கில் தூக்கி வருவார். கயிறு ராட்டினத்தில் சும்மா தொங்கியது.

முதல் பார்வையில் கயிறு காய்ந்திருந்தது. பதிந்தேன். அடுத்த தடவை நான் வருவதைப் பார்த்துவிட்டு ஒரு பானைத் தண்ணீரைக் கயிற்று மேல் ஊற்றினார். "இந்தா மச்சான், உயிர் குடுத்துட்டேன், பிழிஞ்சு பாருங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கை முகத்துக்காக நான் பேசாமல் வந்துவிட்டேன். அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் மற்றக் குழிகளைப் பார்க்கப் போனால் பாதி மேட்டில் ஆளுக்கொரு பானை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். குழி தோண்டாதவன், குழியை விட்டுவிட்டு மேற்கே போனவனுடைய மனைவி, எல்லோரும் கயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒருவர் விளையாட்டால் ஒரு விதி எப்படிச் சிரிப்பாய்ச் சிரித்துப்போகும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். இனிமேல் ஊற்றின தண்ணீர் செல்லாது, போன தடவையையும் காய்ந்ததாகத்தான் பதிந்திருக்கிறேன், இன்னும் ஒன்றுதான் பாக்கி, கயிறு காய்ந்தால் குழி செத்துவிடும் என்றேன்.

"நான் குத்துக்கல்லு மாதிரி உசுரோட இருக்கும்போது குழி எப்படி மச்சான் சாகும்?" என்றார்.

தங்கை அவரை முறைத்தாள். "எதுக்கெடுத்தாலும் விளையாட்டா? அண்ணன் உங்க நல்லதுக்குத்தான சொல்றாரு. ஒரு ஆளப் பாத்துக் கயிறு போடச் சொல்லுங்க."

"உங்க அண்ணன் நல்லவரும்மா. தூங்கும்போதுகூடச் சட்டப்படிதான் குறட்டை விடுவாரு."

தங்கைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் கை கழுவிக்கொண்டு எழுந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாவது பார்வையிலும் கயிறு காய்ந்திருந்தது. நான் செத்தது என்று பதிந்து, மூடுவதற்கு நாள் குறித்தேன். அந்த நாளில் மேஸ்திரியும் நான்கு ஆட்களும் பலகை, களிமண், கல் எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். விதிப்படி அவர்களைத் தள்ளி நிறுத்தினேன். பக்கத்தில் கல் அரைக்கிற ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல விதியில் இடமில்லை. நான் மட்டும் குழியின் வாய்க்குப் போனேன். மாப்பிள்ளையின் மேல்துண்டு ராட்டினத்துக் கட்டையில் மாட்டியிருந்தது.

குனிந்து, "உரிமைக்காரர் உண்டா" என்று கேட்டேன். பதில் இல்லை. அடியில் பக்கவாட்டில் குடைந்து போயிருந்தார், அங்கேயிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இரண்டாவது முறை கேட்டேன். மண்வெட்டி நின்றது. மூன்றாவது முறை கேட்டேன்.

"இல்ல மச்சான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இங்க யாரும் இல்ல. உரிமைக்காரரு ஊருக்குப் போயிருக்காரு. நாளைக்கு வாங்க." அதோடு ஒரு சிரிப்பு.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகச் சொல்கிறேன்.

உண்டு என்று பதில் வந்தால் மூடக் கூடாது என்பது விதி. வந்த பதில் இல்லை என்பது. பதில் சொன்னவர் விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று பதிவாளர் ஆராய வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதவும் முடியாது. ஒருவருக்கு விளையாட்டு என்று விட்டால், அடுத்து நூறு பேர் பானையோடு நிற்பார்கள். அதைத்தான் முன்பே பார்த்துவிட்டேனே.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். ஆட்கள் பலகையைத் தூக்கி வந்தார்கள். மேஸ்திரி பக்கத்தில் வந்து, "என்னங்கய்யா, பதில் ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அது பொய் ஆகாது. வந்த பதில் அதுதான், வந்ததை வந்தபடி சொன்னேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்றால் அது அவர் பாடு. முதல் பலகை விழுந்தபோதும் மாப்பிள்ளை கீழே சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆலைச் சத்தத்தில் வாயருகே குனிந்து நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டது. நானும் பதிலுக்கு விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் விளையாடி அவர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு களிமண் பூசிக் கல் அடுக்கினோம், ஆலைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. மூடிய குழிக்குள் கெட்ட காற்றுத் தங்கக் கூடாது என்பதற்காக ஒரு இரும்புக் குழாயைச் செருகிவிட வேண்டும் என்று விதி. அதையும் செருகினேன். சிலர் அந்தச் செலவை மிச்சம் பிடிப்பார்கள். நான் ஒருபோதும் பிடித்ததில்லை. ராட்டினத்திலிருந்த துண்டை மடித்து அலுவலகத்துக்கு எடுத்து வந்தேன், கேட்பாரற்ற பொருள் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் தங்கை வந்தாள். வரிசையில் நின்று, அவள் முறை வந்த பிறகுதான் முன்னால் வந்தாள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், அவள் எப்போதும் மரியாதை தெரிந்தவள்.

"அண்ணா, அவரு ராத்திரி வீட்டுக்கு வரல. குழியப் போய்ப் பாத்தா மூடியிருக்கு."

"அந்தக் குழி செத்துப்போச்சும்மா. சொல்லியிருந்தேனே."

"குழி செத்தாச் செத்துட்டுப் போகட்டும். அவரு எங்க?"

நிறையப் பேர் மேற்கே போயிருக்கிறார்கள் என்றேன். அது உண்மை. குழி போன வருத்தத்தில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் போவதுண்டு என்றேன். அதுவும் உண்மை. எதற்கும் குழியை ஒரு தடவை திறந்து பார்க்கலாமே என்றாள். மூடின குழியைத் திறக்க ஒன்று உரிமைக்காரர் வந்து மனு கொடுக்க வேண்டும், இல்லை பதிவாளருக்குத் திறக்கக் காரணம் இருப்பதாகத் தோன்ற வேண்டும். உரிமைக்காரர் வரவில்லை. எனக்குக் காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சை அவள் தட்டியதில்லை. அப்போது மாப்பிள்ளை உயிரோடு இருந்தார். அது எனக்குத் தெரியும். நான் மறைக்கவில்லை, உயிரோடு இருக்கிறாரா என்று அவள் கேட்கவில்லை.

அதற்கப்புறமும் வந்தாள். மேற்கே போகிறவர்களிடம் சொல்லியனுப்பினாள், வருகிறவர்களிடம் விசாரித்தாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். கூடப்பிறந்தவள் அல்லவா. வீட்டுக்கு வந்து என்னோடு இரு என்றேன். கடைசியாக வந்த அன்றைக்கு அழவில்லை. வாசற்படியிலேயே நின்று, "மூடும்போது நல்லாக் கூப்பிட்டுப் பாத்தீங்கதான அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு தடவை கேட்டேன்மா. இல்லைன்னு பதில் வந்துச்சு" என்றேன்.

தலையாட்டினாள். திரும்பி நடந்தாள். நாலடி போய் நின்றாள்.

"ஆளில்லாத குழி எப்படிண்ணா பதில் சொல்லும்?"

அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். ஓடும்போதே யார் யாரையோ கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவள் பின்னால் ஓடினார்கள். மனு எதுவும் இல்லாமல்தான் குழியைத் திறந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையை வெளியே கிடத்தியிருந்தார்கள். மேஸ்திரி ஒரு பலகையைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். பார்த்தேன். விரல் நகங்கள் அவ்வளவு ஆழமாக இறங்கும் என்று நான் நினைத்ததில்லை. தங்கை என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் பார்க்கவில்லை. அவளுக்கு இழப்பு பெரிது, கோபம் ஆற நாளாகும். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரே ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கு உங்கள் முன்னாலேயே உட்கார்ந்து என்னைக் கேலி பேசிக்கொண்டிருப்பார்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் மேட்டில் விறகு பொறுக்குகிற ஒரு அம்மா சொன்னதைப் பற்றி, உங்களுக்கு முன்னால் வந்தவர் நேற்றுக் கேட்டார். சாயங்காலம் ஆலை நின்ற பிறகு, நான் அந்தக் குழாய்ப் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்ததை ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்ததாக அவர் சொல்கிறார். நேற்று நான் பதில் சொல்லவில்லை.

போனது உண்மைதான். பூசின களிமண் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன், அது என் பொறுப்பு. ஆலை நின்றால் மேடு ரொம்ப அமைதியாக இருக்கும். குழாய் வழியாகக் குரல் நன்றாகக் கேட்கும். மூடின அன்று சாயங்காலம், "மச்சான், போதும் விளையாட்டு, திறங்க" என்றார். மறுநாள் திட்டினார். என் தாயைக்கூட விடவில்லை. அதற்கு மறுநாள் தங்கை பெயரைச் சொல்லி அழுதார். கசிகிற தண்ணீர் இருந்ததால் தாக்குப்பிடித்திருக்கிறார். நான் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போவதற்காகத் துணியைத் தட்டிக்கொண்டு நின்றேன். அப்போது குழாயிலிருந்து வேறு மாதிரி ஒரு குரல் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையன் மாதிரி.

"பதிவாளர் ஐயா. உரிமைக்காரர் உண்டுங்க ஐயா."

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அந்த மேட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதில் கேலி இல்லை, சிரிப்பு இல்லை. மேல்காற்று முகத்தில் பட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு மனசு லேசாக இருந்தது. நான் குழாயில் வாய் வைத்து, "சரியாக் கேக்கல மாப்பிள்ளை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் நிற்கிற வரைக்கும் தினமும் போய்ச் சொல்லச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, என் வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். முதல் தடவையே நன்றாகக் கேட்டது.